பிடித்த பறவையா, அலுத்த பறவையா: ஆய்வுத் தலைப்பு தேடும் ஒரு மாணவருக்கு

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன். பள்ளிக் காலத்திலிருந்தே பறவை பார்ப்பதில் பைத்தியம். ஜனவரியில் தொடங்கும் நான்காம் செமஸ்டரில் புராஜெக்ட் செய்து ஆய்வேடு கொடுக்க வேண்டும். மூன்று தலைப்புகள் மனதில் இருக்கின்றன: மாவட்டத்துக் குளங்களின் பறவைகள், செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிவது, களக்காடு முண்டந்துறையில் இருவாச்சி. என் வழிகாட்டி மீன் ஆராய்ச்சிக்காரர். "பறவையெல்லாம் பொழுதுபோக்கு, மீனில் ஏதாவது எடு" என்கிறார். பிடித்ததையே ஆய்வாக எடுத்தால் அந்தப் பிடிப்பே போய்விடும் என்று சீனியர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

பறவையையே எடுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் எதையும் அப்படியே எடுக்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தலைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் இருவாச்சி. ஆசை புரிகிறது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு கிடக்க, ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும் காலமும் உங்கள் செமஸ்டரும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. ஆனால் களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அதற்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக விண்ணப்பம் போய், கேள்விகள் திரும்பி வந்து, பதில் கொடுத்து, உத்தரவு கைக்கு வருவதற்குள் உங்கள் வைவாவே (வாய்மொழித் தேர்வு) முடிந்துவிடலாம். அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்தில் எத்தனை கூடுகளைக் கண்டுபிடிப்பீர்கள்? காட்டை அறிந்த காணிப் பழங்குடி மக்கள் துணைக்கு வந்தால்கூட விரல் விட்டு எண்ணும் அளவுதான் கிடைக்கும். இரண்டு கூட்டை வைத்து அழகான கட்டுரை எழுதலாம், ஆய்வேடு எழுத முடியாது. இருவாச்சி முனைவர் பட்டத்துக்குக் காத்திருக்கட்டும்.

அடுத்தது சிட்டுக்குருவியும் செல்போன் கோபுரமும். இந்தத் தலைப்போடு ஆண்டுதோறும் யாராவது ஒருவர் வருகிறார். இதில் சிக்கல் வேறு மாதிரி. விடையை முடிவு செய்துகொண்டுதான் கேள்வியையே கேட்கிறீர்கள். உங்கள் வாக்கியத்திலேயே "கோபுரத்தால் அழிவது" என்று இருக்கிறது, பாருங்கள். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் சேர்த்த பதிவுகளை வைத்து, சிட்டுக்குருவி கடந்த 25 ஆண்டுகளில் மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. கோபுரத்தின் மேல் பழி போட அதில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் ஆய்வு செய்தாலும் அதே மதில் குறுக்கே நிற்கும். கோபுரம் நிறைய இருக்கும் இடத்தில்தான் கான்கிரீட் வீடும், வாகனமும், ஓடு இல்லாத கூரையும், புதரே இல்லாத தெருவும் இருக்கும். குருவி குறைந்தால் அது கோபுரத்தாலா, கூடு வைக்க இடுக்கு இல்லாததாலா, குஞ்சுக்கு ஊட்டப் புழு கிடைக்காததாலா என்று ஒரு செமஸ்டரில் பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிடித்த விஷயத்தை ஆய்வாக எடுப்பதில் எனக்குத் தெரிந்து பெரிய ஆபத்து இதுதான். பிடித்ததைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகத்தில் நாம் வக்கீலாகிவிடுகிறோம். தலைப்பு எழுதியதும் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "இதற்கு விடை 'இல்லை' என்று வந்தால் எனக்கு வருத்தமாக இருக்குமா?" வருத்தமாக இருக்கும் என்றால் அந்தத் தலைப்பைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, குளங்களின் பறவைகள். மூன்றில் இது பரவாயில்லை. ஆனால் இப்போதைக்கு இது ஒரு பட்டியல்தான். "இன்ன குளத்தில் இத்தனை இனங்கள், இத்தனை குடும்பங்கள், அதில் வலசை வருபவை இத்தனை" என்று முடியும் ஆய்வேடுகள், அவற்றைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் வேண்டிய மட்டும் கிடக்கின்றன. பட்டியல் போட இன்று ஆய்வு மாணவர் தேவையில்லை. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்வலர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் போடுகிறவர்தானே.

ஆர்வலர் பார்க்கும் விதமும் ஆய்வாளர் பார்க்கும் விதமும் எங்கே பிரிகின்றன என்று இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்வலர் நல்ல இடத்துக்குப் போவார், நல்ல நாளில் போவார். வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பைக்கை எடுப்பார். அரிதானதைத்தான் மனம் தேடும். மைனாவையும் மடையானையும் (குளத்துக் கொக்கு) யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆய்வு இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்கிறது. ஒன்றுமே இல்லாத குளத்துக்கும் போக வேண்டும். ஒன்றும் இல்லை என்று பூஜ்யம் எழுதிக்கொண்டு வர வேண்டும். பட்டியலில் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. ஆய்வில் அது ஒரு தகவல்.

2015 முதல் 2020 வரை கேரளத்தில் நடந்த பறவை வரைபடத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான கட்டங்களுக்குத் தன்னார்வலர்கள் வறண்ட காலத்தில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை என்று போய் எண்ணினார்கள். கட்டம் ரப்பர் தோட்டத்தில் விழுந்தால் ரப்பர் தோட்டம், பஸ் ஸ்டாண்டில் விழுந்தால் பஸ் ஸ்டாண்ட். போனவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆர்வலர்கள்தான். ஆர்வத்தை விடாமல் ஒரு முறைக்குள் அதைக் கொண்டுவந்தார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு மிகவும் பிடித்த பறவையை விடுங்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பறவையை எடுங்கள். அலுத்த பறவை என்றால் அது தினமும் கண்ணில் படுகிறது என்று பொருள். தினமும் பட்டால் சாம்பிள் கிடைக்கும், நான்கு மாதத்தில் வேலை முடியும். உங்கள் பிடிப்பும் வீணாகாது. விடியற்காலை எழுந்திருக்க வைப்பது, தூரத்தில் பறப்பதைச் சிறகடிப்பை வைத்தே அடையாளம் சொல்ல வைப்பது, வெயிலில் மூன்று மணி நேரம் கரையில் உட்கார வைப்பது எல்லாம் அந்தப் பிடிப்புதான். மற்ற மாணவர்களுக்கு இதைப் பழகவே ஒரு செமஸ்டர் போய்விடும்.

சாதாரணப் பறவையில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று தோன்றலாம். பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் பம்பாய் அருங்காட்சியக வேலை போன நிலையில், அலிபாக் பக்கத்திலுள்ள கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் போய்த் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஊர்க் குழந்தைகளுக்கும் தெரிந்த பறவை. அந்த மழைக்காலம் முழுக்க ஒரே கூட்டத்தை உட்கார்ந்து பார்த்தார். ஆண் கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடுகிறது, பெண் வந்து சோதித்துப் பார்த்துப் பிடித்தால் மட்டும் ஏற்கிறது, அதன் பிறகுதான் ஆண் மீதியைக் கட்டுகிறது, அது முடிந்ததும் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணுக்குக் காத்திருக்கிறது. இந்த இனப்பெருக்க முறையைச் சரியாக விளக்கியது அந்த ஒரு பருவத்துக் கவனிப்புதான். அதற்காக அவர் எந்தக் காட்டுக்கும் போகவில்லை.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். உங்கள் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுங்கள், ஈபேர்ட் பதிவுகளையும் திறந்து வையுங்கள். அதிலுள்ள இனப்பெயர்களை விட்டுவிட்டு, ஓரத்தில் கிறுக்கியவற்றைப் படியுங்கள். "போன வாரம் இருந்த நாரை எல்லாம் எங்கே?", "பக்கத்துக் குளத்தில் தண்ணீர் நிறைய, பறவை ஒன்றுகூட இல்லை" என்று எங்காவது எழுதியிருப்பீர்கள். உங்களை உறுத்திய அந்த இடத்தில்தான் கேள்வி இருக்கிறது.

உங்கள் மாவட்டத்துக் குளம் ஜனவரியில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பியிருக்கும். பிசானப் பருவ நெல்லுக்கு மடை திறந்து தண்ணீர் போகப் போக, வாரத்துக்கு வாரம் மட்டம் இறங்கும். அறுவடை முடிந்து மார்ச் கடைசியாகும்போது பல குளங்களில் நடுவில் மட்டும்தான் தண்ணீர் கிடக்கும். உங்கள் செமஸ்டர் தொடங்கி முடிவதும் இதே காலம். இயற்கையே உங்களுக்காக ஒரு சோதனை நடத்துகிறது, செலவில்லாமல்.

இந்த இறக்கத்துக்கு ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். சங்குவளை நாரை ஆழமில்லாத தண்ணீரில் நடந்து, பாதி திறந்த அலகை உள்ளே விட்டு அளைந்து, மீன் அலகில் பட்டதும் கவ்வும். ஆழம் கூடினால் அதற்கு அந்த இடம் உதவாது. நீர்க்காகம் முங்கிப் பிடிப்பது, ஆழம் இருந்தால்தான் வசதி. கூழைக்கடா நீந்திக்கொண்டே அலகுப் பையால் கோரும். மடையான் ஓரத்தில் அசையாமல் நிற்கும். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் சிறிய இடத்துக்குள் நெருங்கும். சங்குவளை நாரைகள் மழைக்குப் பிந்தைய இந்த மாதங்களில் குஞ்சு வளர்ப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் உங்கள் கேள்வி: மட்டம் இறங்க இறங்க மீன் தின்னும் பறவைகளில் எது முதலில் வருகிறது, எது முதலில் கிளம்புகிறது, எந்த ஆழத்தில் எது மேய்கிறது?

இதற்கு ஒரு பயனும் உண்டு. வைவாவில் "இதனால் என்ன?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். உங்கள் பக்கத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமானது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. ஊர் மக்கள் வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரையைக்கூடத் துரத்தாமல் காக்கிறார்கள். ஆனால் அங்கே கூடு கட்டும் பறவைகள் இரை தேடிச் சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும் பறக்கின்றன. அந்தக் குளங்களுக்குச் சரணாலயப் பாதுகாப்பு கிடையாது. எந்த ஆழத்துத் தண்ணீர் எந்த மாதம் வரை இருந்தால் குஞ்சு பிழைக்கும் என்று சொல்ல, உங்கள் அளவுகள் ஒரு தொடக்கமாக இருக்கும்.

செய்முறையில் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன், மற்றவை புத்தகத்தில் உண்டு. சரணாலய எல்லைக்குள் இல்லாத நான்கு குளங்களைத் தேர்ந்தெடுங்கள். பஸ்ஸிலோ வண்டியிலோ ஒரே காலையில் இரண்டு குளமாவது பார்க்க முடிய வேண்டும். பறவை நிறைய இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். பறவையைப் பிடிக்கப் போவதில்லை, அடையாளத்துக்குக் காலில் வளையமிடப் போவதில்லை, கரையிலிருந்து பார்க்கப் போகிறீர்கள், அதனால் இருவாச்சிக்கு வந்த அனுமதிச் சிக்கல் இங்கே வராது. ஊராட்சித் தலைவரிடம் கல்லூரிக் கடிதத்தோடு ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். காலையில் கேமராவும் பைனாகுலருமாகக் கரையில் ஒருவர் திரிந்தால் ஊரில் கேட்கத்தானே செய்வார்கள்.

ஆழத்தை அளக்கப் பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்ட மூங்கில் கழிகளைச் சில இடங்களில் ஊன்றிவிடுங்கள். கழிக்குத் தொலைவில் நிற்கும் பறவைக்கு அதன் காலே அளவுகோல். தண்ணீர் பாதத்தில் நிற்கிறதா, கால் மூட்டு வரையா, வயிறு தொடுகிறதா என்று எழுதினால் அந்த இனத்தின் கால் நீளத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். நாரை, கொக்கு வகைகளில் ஆய்வாளர்கள் கையாளும் முறைதான் இது. வாரம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில். பன்னிரண்டு வாரம், நான்கு குளம் என்றால் 48 கணக்கெடுப்பு. தேர்வு, காய்ச்சல், திருவிழா என்று சில போனாலும் மீதி போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள், நிறைய ஆய்வேடுகள் அங்கேதான் சறுக்குகின்றன. ஒரு குளத்தில் 300 நாரையை எண்ணினால் உங்கள் சாம்பிள் 300 ஆகிவிடாது. அவை ஒரே குளத்தில் ஒரே காலையில் ஒன்றைப் பார்த்து ஒன்று வந்து இறங்கியவை. குளத்துக்குக் குளம் ஒப்பிடுவதானால் உங்களிடம் இருப்பது நான்கே நான்கு சாம்பிள். ஆகவே "எந்தக் குளம் சிறந்தது" என்ற கேள்விக்குள் போகாதீர்கள். அதே குளம் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்பதில் நின்றால் உங்கள் டேட்டா தாங்கும். புள்ளியியல் சொல்லித்தரும் ஆசிரியரை ஜனவரிக்கு முன்னாலேயே போய்ப் பாருங்கள். எல்லாம் எண்ணி முடித்த பின் ஏப்ரலில் போனால் அவரால் உச்சுக்கொட்டத்தான் முடியும்.

இது முழுதும் பெரிதாகத் தெரிந்தால் இன்னும் சுருக்கிக்கொள்ளலாம். மடையான் ஒன்று போதும். குளத்து ஓரத்தில் நிற்பது பத்து நிமிடத்தில் எத்தனை முறை கொத்துகிறது, எத்தனை முறை இரை கிடைக்கிறது. அதையே நெல் வயலில் நிற்பதோடு ஒப்பிடுங்கள். தனி விலங்கை இப்படிக் குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து பார்க்கும் முறையை 1974இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் ஒரு கட்டுரையில் தெளிவாக வகுத்துக் கொடுத்தார். இன்றும் விலங்கு நடத்தை படிப்பவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள்.

இப்போது உங்கள் வழிகாட்டி. அவர் மீன்காரர் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் தெரிகிறது. பறவை ஆய்வு செய்பவர்களில் பலருக்குத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பறவை வந்தது, போனது என்று எழுதுவார்கள், எதற்கு வந்தது என்பது ஊகம்தான். உங்கள் வழிகாட்டிக்கு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு எந்த ஆழத்தில் நிற்கும், விரால் எங்கே ஒதுங்கும், தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறைந்து மீன் எப்போது மேலே வரும் என்பதெல்லாம் தெரியும். நீங்கள் பறவையை எண்ணும் அதே இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீச்சு வலை போட்டு மீனின் இனத்தையும் அளவையும் எழுதினால் ஆய்வேட்டில் பாதி அவருடைய துறை. "பறவையில் செய்கிறேன் சார்" என்று போய் நிற்காதீர்கள். "குளம் வற்றும்போது மீனை யார் தின்கிறார்கள் என்று பார்க்கலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். தனக்குத் தெரியாத துறையில் மாணவரை இறக்கிவிட்டு வைவாவில் மாட்டிக்கொள்ள எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார். "பொழுதுபோக்கு" என்று அவர் சொன்னதற்குப் பின்னால் அந்தப் பயம் இருக்கலாம்.

அதற்கும் அவர் இசையவில்லை, ஆய்வகத்தில் செய்யக்கூடியதுதான் வேண்டும் என்றால் கூகை என்ற ஆந்தை இருக்கிறது. எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பாழடைந்த கட்டடத்திலோ கோயில் கோபுரத்திலோ அது தங்கும் இடத்தின் கீழே இந்த உருண்டைகள் கிடக்கும். பொறுக்கி வந்து ஊறவைத்துப் பிரித்தால் தாடை எலும்பையும் பல்லையும் வைத்து எந்த எலி என்று சொல்லலாம். பறவையைத் தொட வேண்டியதில்லை, பகல் வெயில் இல்லை, வயல் எலி சம்பந்தப்பட்டதால் விவசாயத்துக்கும் பயன். தமிழ்நாட்டில் இதில் ஏற்கெனவே வேலை நடந்திருப்பதால் ஒப்பிடவும் ஆள் உண்டு. நாற்றம் மட்டும் பொறுக்க வேண்டும்.

பிடிப்பு போய்விடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் போகும், பொய் சொல்ல விரும்பவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் சங்குவளை நாரையைப் பார்த்ததும் அழகு என்று தோன்றாமல் "வயிறு வரை, மூன்று, மேய்கிறது" என்றுதான் தோன்றும். எக்செல்லில் எண்களை ஏற்றும் இரவுகளில் பறவை என்ற பேச்சே பிடிக்காது. அதற்காகத்தான் அலுத்த பறவையை எடுக்கச் சொன்னேன். மனதுக்கு நெருக்கமானது எதுவோ, அது பஞ்சுருட்டானோ செம்போத்தோ, அதை ஆய்வேட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வாரத்தில் ஒரு காலையாவது நோட்டு இல்லாமல் போய் அதைப் பாருங்கள். சீனியர்கள் பயமுறுத்துவது பெரும்பாலும் இந்த இடைவெளி விடாதவர்களைப் பார்த்துத்தான். இன்னொன்று, எல்லாருக்கும் கசந்துபோவதில்லை. மடையான் கொத்துவதை நூறு முறை நேரம் பார்த்து எழுதியவருக்குத்தான் அது கொத்துவதற்கு முன் கழுத்தை எப்படி வளைக்கிறது என்பது கண்ணில் படும்.

டிசம்பரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோத்கங்காவிலும் கூகுள் ஸ்காலரிலும் சங்குவளை நாரை, நீர்மட்டம், குளம் என்று தேடுங்கள். கோவையிலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் திரெட்டண்ட் டாக்ஸா ஆய்விதழ் இணையத்தில் இலவசம், தென்னிந்தியக் குளங்கள் பற்றி நிறைய இருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் பாதுகாப்பு மையம் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். எந்தக் குளத்தில் எப்போது தண்ணீர் வற்றும் என்று அவர்களுக்கு மனப்பாடம். பிறகு உங்கள் குளங்களில் இரண்டொரு காலை ஒத்திகை பாருங்கள். பனியில் எதிர்க்கரை தெரியவில்லை, ஏழு மணிக்கே வெயில் கண்ணில் அடிக்கிறது, கருவேலம் மறைக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வழிகாட்டியிடம் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். கேள்வி ஒரு வரி, நான்கு குளங்களின் பெயர், வார அட்டவணை, எதை அளப்பேன் என்ற பட்டியல், அவ்வளவுதான். தலைப்பை இப்போதைக்குக் கேள்வியாகவே வையுங்கள், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது நீட்டி முழக்கிக்கொள்ளலாம். அவர் முதலில் கேட்கப்போவது வலை போடுவதைப் பற்றித்தான். பெரும்பாலான குளங்களில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருக்கும், குத்தகைக்காரர் சம்மதம் இல்லாமல் ஒரு கெண்டையைக்கூட எடுக்க முடியாது. அளந்துவிட்டு உயிரோடு விட்டுவிடுவேன் என்று சொல்லி அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போய் அவரைப் பாருங்கள். நீர்க்காகத்தைத் துரத்த வெடி போடும் நாட்களைக் குத்தகைக்காரரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நாள் எண்ணிக்கையைத் தனியாக வைக்க வேண்டியிருக்கும்.